இரைச்சலும் இசையும்



கீரிமலைக் கேணியில் நீராடியவர்களுக்கு நான் சொல்லப்போகும் ஓசை புதியதன்று. மதிலுக்கு இப்பால் நன்னீர் ஊற்று; அப்பால் உவர்க்கடல். நீரில் மூழ்கி எழுந்தவுடன் முதலிற் காதில் விழுவது கடலின் இரைச்சல். சுண்ணாம்புக் கற்பாறையில் அலை வந்து மோதும் முழக்கமும், பின்வாங்கும் நீர் கற்களிடையே இழுபடும் சலசலப்பும், காற்றின் ஓலமும் கலந்த அவ்வோசையிலே சுரமும் இல்லை, தாளமும் இல்லை. ஆயினும் அதற்காக எவரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. கேணியிலிருந்து நகுலேசுவரர் ஆலயத்தை நோக்கி நடந்தால், திருவிழாக் காலமாயின், வேறொரு முழக்கம் எதிர்கொள்ளும். அது தவிலின் முழக்கம். அதனை முதன்முறை அருகில் நின்று கேட்கும் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழும். நானும் அவ்வாறு அழுதவன் என்று வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அழுத அந்தக் குழந்தை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், அதே தவிலைக் கேட்பதற்காக இரவு முழுவதும் கோயில் வீதியில் மணலிற் குந்தியிருந்தது. தவில் மாறவில்லை. தோலும் கழியும் மாறவில்லை. மாறியது எது? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இதனை இப்பொழுது எடுத்துப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில காலத்துக்கு முன்பு என் சகோதரியின் மகன் ஓர் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து, "மாமா, இதைக் கொஞ்சம் கேளுங்கோ" என்றான். கேட்டேன். இயந்திரம் ஒன்று பழுதுபட்டு அலறுவது போன்ற ஓசை. அதன் கீழே ஆழ்ந்த ஓர் உறுமல். இடையிடையே உலோகத்தை உலோகத்தில் உரசும் கீச்சொலி. பாட்டில்லை, இராகமில்லை, பல்லவியில்லை. "இதுவும் சங்கீதமோ?" என்று கேட்க வாயெடுத்தேன். அக்கேள்வியைத் தவிலைப் பற்றியும் பிறநாட்டார் பலர் கேட்டிருப்பர் என்ற நினைவு வந்து என்னைத் தடுத்தது.

முதலில், இரைச்சல் என்பது யாது? ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே இதற்கு ஒரு விடை கூறினார். ஒரே சீராகத் திரும்பத் திரும்ப நிகழும் அதிர்வு சுரமாகக் கேட்கும்; சீரின்றி அதிரும் அதிர்வு இரைச்சலாகக் கேட்கும் என்பது அவர் கருத்து. வீணைத் தந்தியை மீட்டினால் அது முழுமையாகவும், பாதியாகவும், மூன்றிலொன்றாகவும் ஒருங்கே அதிர்கின்றது. அவ்வதிர்வுகள் ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில் நிற்பதனால் நமக்கு ஒரு சுரம் புலனாகின்றது. கடலலையிலோ எல்லா அதிர்வுகளும் ஒரே கூட்டமாக வந்து மோதுகின்றன. ஆதலால் எதனையும் தனியே பிரித்தறிய முடிவதில்லை.

இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால், இழுத்துக் கட்டிய தோல் எதுவும் இரைச்சலின் பக்கமே நிற்கவேண்டும். ஏனெனில் தோலின் அதிர்வுகள் இயல்பாக எளிய விகிதங்களில் அமைவதில்லை. நம்முடைய மிருதங்கமும் வடநாட்டுத் தபேலாவும் இதற்கு விலக்கானவை. அவற்றின் தோலின் நடுவே கரணை எனப்படும் கருமருந்தைப் பூசி, அதிர்வுகளைச் சுர விகிதத்துக்குள் கொண்டுவந்துவிட்டனர் நம் கைவினைஞர். இந்த நுட்பத்தைச் சேர். சி. வி. இராமன் அவர்கள் 1920 ஆம் ஆண்டிலும் பின்னர் 1934 ஆம் ஆண்டிலும் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக்காட்டினார். ஆனால் தவிலின் வலந்தலையிலே அத்தகைய கரணை இல்லை. பலாமரத்துக் குடத்தில் இறுக்கிக் கட்டிய தோலை, விரல்களிலே கூடு அணிந்த கை ஒருபுறமும், பூவரசங் கழி மறுபுறமும் தாக்க எழுவது அதன் ஒலி. பௌதிக நூலார் கண்ணுக்கு அது மிருதங்கத்தைவிட இரைச்சலுக்கே நெருங்கிய உறவினன்.

மேலும், இரைச்சலை நாமே வேண்டி அழைக்கும் இடங்களும் உண்டு. தம்புராவின் குதிரையிலே தந்திக்கு அடியில் ஒரு நூலிழையைச் செருகுகின்றோம். எதற்காக? தந்தி குதிரையைத் தொட்டுத் தொட்டு அதிர்ந்து, ஒரு வண்டின் ரீங்காரம் பிறக்கவேண்டும் என்பதற்காக. அந்த இழையை எடுத்துவிட்டால் ஒலி தூய்மையாகும். ஆனால் உயிர் போய்விடும். அதனாலேயே அந்த இழைக்கு ஜீவா என்று பெயர். திருமணத்தில் தாலி கட்டும் வேளையில் முழங்கும் கெட்டிமேளமோ முற்றிலும் இரைச்சலாக இருக்கவேண்டும் என்றே வகுக்கப்பட்டது. தும்மல், அழுகை முதலான எந்த அமங்கல ஓசையும் அக்கணத்திற் காதில் விழலாகாது என்பது அதன் நோக்கம்.

ஆகவே, ஓசையின் இயல்பை மாத்திரம் கொண்டு, இது இரைச்சல், இது இசை என்று கோடு கிழித்தல் இயலாது. மிகுதி விடை கேட்பவன் செவியில் இருக்கின்றது. அச்செவி எவ்வாறு பழகுகின்றது என்பதைத் தவிலைக் கொண்டே பார்ப்போம்.

எனக்குத் தவில் கேட்கக் கற்பித்தவர் என் பெரியப்பா. அவர் சங்கீதம் படித்தவர் அல்லர், தோட்டஞ் செய்தவர். திருவிழா இரவொன்றிலே என்னைத் தம் பக்கத்தில் இருத்தி, என் கையைப் பிடித்துத் தம் முழங்காலில் வைத்துத் தாளம் போட்டார். "மேளத்தைக் கேளாதே, தாளத்தை மட்டும் விடாதே. மேளம் தானாக வரும்" என்றார். அவ்வளவுதான் அவர் தந்த பாடம். அன்றைய இரவில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால், கை ஓய்ந்துபோகாமல் எட்டு எண்ணிக்கையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

சில இரவுகள் சென்றபின் ஒரு வியப்பு நேர்ந்தது. தவிற்காரர் எங்கோ தாளத்தை விட்டு விலகி ஓடுவது போலிருந்தது. என் கை தடுமாறியது. "போச்சு" என்று எண்ணிய கணத்திலே, அவருடைய கடைசி அடியும் என் கையின் முதல் தட்டும் ஓரிடத்தில் வந்து விழுந்தன. உடல் சிலிர்த்தது. சுற்றியிருந்தோர் "ஆகா" என்றனர். அதுவரை ஒரே முழக்கமாகக் கேட்ட ஓசைக்கு உள்ளே ஒரு பாதை இருந்ததென்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

அந்தப் பாதையை நேயர்களும் நடந்து பார்க்கலாம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கைகள். ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரைகள். இப்பொழுது "தகதகிட தகதகிட" என்று சொல்லுங்கள். ஐந்தும் ஐந்தும் பத்து மாத்திரை. பின்னர் ஒரு மாத்திரை மௌனம். மீண்டும் அதே பத்து. மீண்டும் ஒரு மாத்திரை மௌனம். மூன்றாம் முறையும் அதே பத்து. கூட்டினால் 32. முதற்சொல் சமத்திலே தொடங்குகின்றது. இரண்டாம் முறை மூன்றாவது எண்ணிக்கையின் கடைசிக் காலிலே தொடங்குகின்றது. மூன்றாம் முறையோ ஆறாவது எண்ணிக்கையின் நடுவிலே தொடங்குகின்றது. கையின் கணக்கு நான்கு நான்காகச் செல்ல, வாயின் கணக்கு ஐந்து ஐந்தாகச் செல்வதனால், இரண்டும் பிணங்குவதுபோல் தோன்றுகின்றன. ஆனால் 32 முடிந்து அடுத்த அடி விழும்போது இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

இது மிக எளியதொரு தீர்மானம். தவில் வித்துவான் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து ஜாதிகளையும் கலந்து, பல ஆவர்த்தனங்களுக்கு நீளும் கோர்வைகளை அந்தக் கணத்திலேயே கணக்கிட்டு வாசிக்கின்றார். தாளத்தைப் பிடியாத செவிக்கு அது ஆலமரத்தடியில் ஆயிரங் கல் ஒருங்கே விழுவது போன்ற ஓசை. தாளத்தைப் பிடித்த செவிக்கோ, வழிதப்பிப் போன பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தாற் போன்ற மகிழ்ச்சி. ஓசை ஒன்றே, கேட்பவன் கையில் ஒரு கயிறு உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

யாழ்ப்பாணத்துச் செவிகள் இவ்வாறு பழகியமைக்குக் காரணம் அங்குள்ள கோயில்கள். இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களிலே நாதசுரமும் தவிலும் பரம்பரைக் கலையாக வளர்ந்தன. தமிழகத்து வித்துவான்களும் திருவிழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு தவில்கள் எதிரெதிரே நின்று, ஒருவர் வாசித்ததை மற்றவர் ஏற்று, அதனிலும் கடினமானதைத் திருப்பிக் கொடுக்கும் தவிற்சமா விடியும்வரை நடக்கும். தோட்டக்காரரும், கடைக்காரரும், பள்ளி மாணவரும் அங்கே தாளம் போட்டுக்கொண்டு இருப்பர். பிழை நேர்ந்தால் முகம் சுளிப்பர். நுட்பம் கண்டால் ஆரவாரிப்பர்.

அத்தகைய செவிகளிடையே தோன்றியவரே யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்கள். தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933 ஆம் ஆண்டு பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975 ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டு வயது நிரம்புமுன் மறைந்தவர். மின்னல் வேகத்திலும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே உதிரும்படி வாசித்தவர் என்று அவரைக் கேட்டோர் கூறுவர். தமிழகத்திலும் அவர் புகழ் பரவியது. அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னர், அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் 2015 ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. ஒரு கலைஞன் அவ்வளவு தூரம் துணிந்து செல்லவேண்டுமாயின், அவனைப் பின்தொடர்ந்து வரக்கூடிய செவிகள் அவன் முன்னே அமர்ந்திருக்கவேண்டும். விடியும்வரை தாளம் போட்ட அந்தத் தோட்டக்காரருக்கும் அக்கலையிற் பங்குண்டு.

இங்கே நாம் நேர்மையுடன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த முழக்கம் இசை, எந்த முழக்கம் வெறும் இரைச்சல் என்று தீர்ப்பளித்தது எப்போதும் செவியன்று. தொல்காப்பியம் நிலங்களுக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் பறையையும் ஒன்றாக வைத்தது. அந்தப் பறையைப் பிற்காலத்திலே இழவு வீட்டுக்குரியதென்றும், அமங்கலமென்றும் ஒதுக்கினோம். ஒதுக்கியது அதன் ஒலியைக் கேட்டு அன்று. அதனை அடித்தவர்களைப் பார்த்து. அதன் அடிகளுக்குள்ளும் கணக்குண்டு, நடையுண்டு, வளர்ச்சியுண்டு. அவற்றைக் கேட்க நாம் தாளம் போட்டு உட்காரவில்லை; அவ்வளவே. ஆதலால், "இது வெறும் இரைச்சல்" என்று சொல்ல நேரும்போதெல்லாம், அச்சொல் செவியிலிருந்து வருகின்றதா, வேறு எங்கிருந்தேனும் வருகின்றதா என்று ஒரு கணம் நின்று பார்த்தல் நன்று.

இனி, சற்றே உலகத்தைச் சுற்றி வருவோம். 1913 ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் லூயிஜி ருசோலோ என்னும் இத்தாலிய ஓவியர், இரைச்சல்களின் கலை என்ற அறிக்கையை வெளியிட்டார். ஆலைகளும் வண்டிகளும் நிறைந்த நகரத்தில் வாழும் மனிதனுக்குப் பழைய வாத்தியங்களின் ஒலி போதாது என்று கூறி, உறுமலையும் சீறலையும் எழுப்பும் பெட்டிகளைத் தாமே செய்தார். அதே ஆண்டு மே மாதம் 29 ஆந் திகதி, பாரிஸ் நகரிலே ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கு என்னும் நாட்டிய இசை முதன்முறை அரங்கேறியது. அதன் முரட்டுத் தாளங்களையும் ஒன்றோடொன்று மோதும் சுரங்களையும் கேட்டுச் சபையிலே பெருங் கூச்சல் எழுந்தது. பின்னர் நடந்தது என்ன? 1940 ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னியின் ஃபன்டேசியா என்ற சித்திரப்படத்தில் அதே இசை, பழங்கால மிருகங்கள் உலவும் காட்சிக்குப் பின்னணியாகி, குழந்தைகள் பார்த்து மகிழும் பொருளாயிற்று. தந்தையர் கூச்சலிட்ட இசையைப் பிள்ளைகள் ரசிக்க 27 ஆண்டுகளே போதுமாயிருந்தன.

1931 ஆம் ஆண்டில் எட்கார் வரேஸ் என்பவர், பதின்மூன்று தாள வாத்தியக்காரருக்கென ஓர் உருப்படி இயற்றினார். அதிலே இரண்டு சங்கொலிக் கருவிகளும் உண்டு. தீயணைக்கும் வண்டி ஊதிச் செல்லுமே, அத்தகையவை. 1933 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் அது அரங்கேறியது. மேனாட்டார் சபையிலே தோற்கருவிகள் தாமே தலைமை தாங்கிய அந்த நிகழ்ச்சி அவர்களுக்குப் புதுமை. தனி ஆவர்த்தனத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அவ்வளவு புதுமையன்று.

வானொலிக்கும் இக்கதையிலே பங்குண்டு. 1948 ஆம் ஆண்டு பிரெஞ்சு வானொலியிற் பணியாற்றிய பியர் ஷேஃபர் என்னும் பொறியியலாளர், புகையிரதங்களின் ஓசையைப் பதிவு செய்து, வெட்டியும் அடுக்கியும் சுழற்றியும் ஓர் ஆக்கத்தை உருவாக்கினார். இரைச்சல்களின் கச்சேரி என்ற பெயரிலே அது அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஒலிபரப்பாயிற்று. சக்கரத்தின் தடதடப்பைப் புகையிரதம் என்று எண்ணிக் கேட்டால் அது செய்தி; எதனுடைய ஓசை என்பதை மறந்து, அதன் நடையையும் நிறத்தையும் மாத்திரம் கேட்டால் அது இசை என்பது அவரது கொள்கை.

இந்தியாவுக்கும் இதிலே நேரடியான தொடர்புண்டு. அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் என்னும் இசையறிந்த பெண்மணி 1946 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஜோன் கேஜ் என்ற இசைப் புதுமையாளரைச் சந்தித்தார். அவர் இவருக்கு மேனாட்டு இசையைச் சொல்லிக்கொடுக்க, இவர் அவருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசையின் பயன் யாது என்று கேஜ் வினவியபோது, மனத்தை அமைதிப்படுத்தி, தெய்வ அருள் அதனுள் இறங்கும்படி செய்வதே என்று தம் ஆசான் கற்பித்ததைக் கீதா எடுத்துரைத்தார். கேஜ் அதனை வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார். 1952 ஆம் ஆண்டில் அவர் இயற்றிய ஓர் உருப்படியிலே பியானோ வாசிப்பவர் நான்கு நிமிடமும் முப்பத்துமூன்று விநாடியும் ஒரு சுரமும் வாசியாமல் அமர்ந்திருப்பார். அந்த அரங்கேற்றத்திலே வெளியே வீசிய காற்றும், கூரையில் விழுந்த மழைத்துளியும், சபையோரின் முணுமுணுப்புமே இசையாயின. மக்கள் சினந்தனர். அவர்களைக் கீரிமலைக்கு அழைத்து வந்து, கேணியின் கட்டிலே ஐந்து நிமிடம் கடலைக் கேட்கச் செய்திருந்தால், ஒருவேளை விளங்கியிருக்கும்.

அன்று பியானோ முன் அமர்ந்திருந்த டேவிட் டியூடர் என்பவரே 1969 ஆம் ஆண்டில் அகமதாபாத்துக்கு வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவகத்திலே மூக் என்னும் மின்னணு இசைக்கருவியைக் கொண்டு ஒரு கூடம் அமைத்தார். 1972 வரை கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியக் கலைஞர் சிலர் அங்கே புத்தோசைகளை ஆக்கிப் பதிவு செய்தனர். பின்னர் அந்த நாடாக்கள் நிறுவகத்தின் சேமிப்பிலே பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. போல் பர்காஸ் என்ற கலைஞர் அவற்றைக் கண்டெடுக்க, 2023 ஆம் ஆண்டில் அவை உலகின் செவிக்கு வந்தன. ஆகவே இக்கலை முற்றிலும் அந்நியர் சரக்கு என்று தள்ளுவதற்கும் நமக்கு வழியில்லை.

இவற்றையெல்லாம் கேட்டுப் பழக விரும்புவோர் செய்யத்தக்கது என்ன? என் அனுபவத்தில் மூன்று விடயங்கள் உதவின. முதலாவது, ஒரு கயிறு வேண்டும். என் மருமகனிடம் கடைசியாக நான் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, தவிலிலே எனக்குத் தாளம் இருந்தது. இதிலே எதைப் பிடித்துக்கொள்வது?" அவன் சிறிது யோசித்து, "கீழே ஓடுகிற அந்த உறுமலைப் பிடியுங்கோ, மாமா. மற்றதெல்லாம் அதற்கு மேலே வந்து போகும்" என்றான். பெரியப்பாவின் குரல் எனக்குக் கேட்டது. சுருதி, தாளம் இரண்டும் இல்லாத இடத்திலே ஓசையின் கனம், உரம், நெருக்கம், இடைவெளி என்பனவே கயிறாகின்றன. எது நிலைத்து நிற்கின்றது, எது மாறுகின்றது என்று கவனித்தாற் போதும்.

இரண்டாவது, திரும்பக் கேட்டல். ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளநூல் அறிஞர் 1968 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, பொருளற்ற சொற்களையும் அறியாத எழுத்துக்களையுங்கூட அடிக்கடி காண்போர் அவற்றை விரும்பத் தொடங்குகின்றனர் என்று காட்டினார். செவியும் அவ்வாறே அடுத்து வருவதை ஊகிக்கக் கற்றுக்கொள்கின்றது. ஊகம் பலிக்கும்போதும், அழகாகப் பொய்க்கும்போதும் இன்பம் பிறக்கின்றது. ஆனால் தொடக்கத்திலேயே வெறுப்பூட்டுவதை வலிந்து திணித்தால் வெறுப்பே வளரும் என்பதையும் பின்வந்த ஆய்வுகள் கூறின. ஆதலால் சிறிது சிறிதாகவே கேட்டல் நலம். மூன்றாவது, துணை. தனியே கேட்டிருந்தால் தவிலும் எனக்குத் திறந்திராது. அந்தப் பதிவும் திறந்திராது. பக்கத்திலே அறிந்த ஒருவர் அமர்ந்து, "இதோ பார்" என்று சொல்லவேண்டும்.

இவ்வளவு சொன்ன பின்னர், எல்லா இரைச்சலும் பழகினால் இசையாகிவிடும் என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று உடம்பின் எல்லை. 85 டெசிபெல் அளவிலான ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்பது தொழிற்சுகாதார அறிஞர் வகுத்த அளவு. ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். நூறு டெசிபெலாயின் கால்மணி நேரமே. இன்று கோயில் வீதிகளிலே தவிலுக்கு முன்னால் ஒலிவாங்கியை நிறுத்தி, குழாய் ஒலிபெருக்கிகளால் ஊரெங்கும் பரப்புகின்றோம். இயல்பாகவே திறந்தவெளிக்கென அமைந்த வாத்தியத்துக்கு இது வேண்டியதன்று. ஒலிபெருக்கியிலே நுண்ணிய சொற்கள் ஒன்றோடொன்று மயங்கி, தெட்சணாமூர்த்தி போன்றோர் எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டிய கலை மீண்டும் ஒரே இரைச்சலாகிவிடுகின்றது. இளைய தலைமுறை அதைக் கேட்டுக் காதைப் பொத்தினால் பிழை அவர்களுடையது அன்று.

மற்றையது மனத்தின் எல்லை. 1990 ஆம் ஆண்டில் போர் மூண்டபோது கீரிமலையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்ந்தோர் வீடுவாசல் விட்டு வெளியேறினர். அவ்வாண்டு அக்டோபரில் நகுலேசுவரர் ஆலயம் வான்குண்டு வீச்சில் சேதமுற்றது. நெடுங்காலம் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக இருந்தது. 2012 ஆம் ஆண்டில் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. வெளியேறியவர்களுள் என் சகோதரியும் ஒருத்தி. மகனுடைய ஒலிப்பதிவிலே அந்த ஆழ்ந்த உறுமல் தொடங்கியபோது, அவள் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றாள். வானத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மகன் எழுந்து ஒலியை நிறுத்தினான்.

அவளுக்கு இசை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தவிற்சமாவில் எனக்கு முன்னரே தாளம் தப்பாமல் கை போட்டவள் அவள். அந்த உறுமலை அவளுடைய செவி வேறோரிடத்தில் முன்னமே கற்றுவிட்டது, அவ்வளவுதான். கற்ற செவிக்கு மறுக்கும் உரிமையும் உண்டு. இப்பொழுது என் மருமகன் தன் பதிவுகளைக் காதணியிலே கேட்கின்றான். எனக்குத் தரும்போதும் முதலில் அம்மா எங்கே என்று பார்த்துவிட்டே தருகின்றான். அவன் கற்றுக்கொண்ட இந்தக் கேட்டலையும் நான் இசையறிவின் ஒரு பகுதியாகவே கொள்கின்றேன்.

நேயர்களே, கீரிமலைக்கு ஓர் ஐதிகம் உண்டு. கீரிமுகங் கொண்ட முனிவர் ஒருவரும், குதிரைமுகம் பெற்ற மாருதப்புரவீகவல்லி என்னும் அரசகுமாரியும் அங்கே தங்கி நீராடி நன்முகம் பெற்றனர் என்பது அது. மாவிட்டபுரம் என்னும் ஊர்ப்பெயரும் அதனாலேயே வந்தது என்பர். ஒரே முழுக்கிலே முகம் மாறியதென்று கதை சொல்லவில்லை. நாடோறும் இறங்கி நீராடியதாகவே சொல்கின்றது. செவியின் கதையும் அதுவே. கேணியிலே முதல்நாள் இறங்கியவனுக்குக் குளிர் மட்டும் தெரியும். நாட்பட இறங்கியவனுக்கே ஊற்று எந்த மூலையிலிருந்து சுரக்கின்றதென்பது தெரியும்.

இசைதல் என்றால் பொருந்துதல் என்று பொருள். பொருந்துவதற்கு இருவர் வேண்டும். ஓசை ஒரு பக்கம். செவி ஒரு பக்கம். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை விளங்காத ஓர் ஓசையைக் கொண்டுவந்து "கேளுங்கோ" என்று சொன்னால், மறுப்பதற்கு முன்னர் ஒருமுறை அவன் அருகில் அமருங்கள். எதைப் பிடித்துக்கொள்வதென்று அவனையே கேளுங்கள். பிறகு, ஆடி அமாவாசைக்கோ திருவிழாவுக்கோ கீரிமலைக்குப் போகும்போது அவனையும் அழைத்துச் செல்லுங்கள். தவிலின் முன்னே இருத்தி, அவன் கையைப் பிடித்து உங்கள் முழங்காலில் வைத்து, எட்டு எண்ணிக்கையைத் தொடங்கி வையுங்கள்.